எந்தக் கரையில்?

சூப்பர்வைசர் ரகுபதி பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறார் என்றதும் ஃபிரடிக்கு ஆச்சரியம்தான். அவர் மணிமங்கலத்து விவசாயக் குடும்பம். ஒரகடம் கம்பெனியில் அவருடைய லைனில் வேலை செய்யும் ஃபிரடியோ தூத்துக்குடி மீனவன். அதனால் வார விடுமுறையில் அவனையும் கோவளத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

ஃபிரடி படகை நெடுகத் தட்டிப் பார்த்தான்.

"சத்தம் மந்தமா வந்தா உள்ள தண்ணி ஊறியிருக்கும் சார். இது கணீர்னு இருக்கு. இனி எஞ்சினைப் பாக்கணும்."

"எஞ்சின் வேணாம்பா. ஒரு கட்டில் புடிக்குமா பாரு."

"மீன் பிடிக்கப் போற படகுல கட்டிலா? எந்தக் கரையில சார் நிறுத்தப் போறீங்க?"

"எங்க தெருவுல."

ஃபிரடி சிரித்தான். ரகுபதி சிரிக்கவில்லை.

"போன மழையில ஏரித் தண்ணி இடுப்புக்கு மேல வந்துச்சு. பக்கத்து வூட்டு சசிகலாவுக்குப் பிரசவ வலி. கதவைக் கழட்டி, அதுல படுக்க வெச்சுத் தள்ளிக்கினு போனோம். மெயின் ரோடு போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்த செத்துப் பூடுச்சு. அதான் தெருவே சேந்து வாங்குறோம்."

ஃபிரடி மணலில் படுத்து, படகின் அடியில் தலையை நுழைத்தான்.

"தெருவுல கல்லும் கம்பியும் கெடக்கும். அடியில இன்னொரு பூச்சு குடுக்கணும் சார். துடுப்பு போட யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப ஞாயித்துக்கிழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நான் வாறேன். உங்க ஏரியிலேயே பழகலாம்."