ஒரு நிமிட வணக்கம்

தொயோனாகா வீட்டுக் கூடத்தில் நால்வர் இருந்தோம். ஓவியம் தொங்கும் அலங்கார மாடத்தை ஒட்டி, விருந்தினருக்கான மரியாதைக்குரிய இடத்தில் கிளப் மேலாளர் ஹிராசாவா. எதிரே ஓய்வுபெற்ற கால்பந்து வீரர் தொயோனாகா. அவர் பக்கத்தில் மனைவி சிசுரு. கதவோரம், சமாதானம் பேச மேலாளர் கூட்டிவந்த பழைய ஊழியன் நான்.

மேலாளர் கைபேசியை நீட்டினார். கடைசி ஆட்டத்தில் தோற்றதும் தொயோனாகா ரசிகர்கள் முன் ஒரு நிமிடம் முழுக்க இடுப்பு வளைத்துக் குனிந்து நின்ற காட்சி அது. பத்து வருடம் கழித்து இணையத்தில் மூன்று கோடிப் பேர் அதைப் பார்த்திருந்தார்கள்.

“உலகத்துலயே பணிவான ஆட்டக்காரர்னு கொண்டாடுறாங்க சார். ஞாயித்துக்கிழமை மைதானத்துல அதே மாதிரி குனிஞ்சு நில்லுங்க. கிளப்புல நிரந்தர வேலை தர்றோம்.”

“முடியாது,” என்றார் தொயோனாகா.

“வேலையில்லாம உட்கார்ந்திருக்கீங்க. இதுல வீம்பு வேறயா?”

சிசுரு தேநீர்க் கோப்பையைப் பட்டென்று வைத்தாள். “வீம்பு இல்லீங்க, முதுகு. அன்னைக்குக் குனிஞ்சவரால நிமிர முடியல. ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாங்களே, அதை மட்டும் வெட்டிட்டீங்க. மறுவாரமே இவரைத் துரத்தவும் செஞ்சீங்க.”

“எங்க பதிவேட்டுல முதுகுல குறைன்னு எதுவும் இல்லையேம்மா. என்ன சார்?” என்று மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கால்பந்துச் சங்கத்துக்கு எழுதினேன்:

“ஐயா, நடக்கவே கூடாத தொயோனாகாவுக்கு, கிளப் சொன்னபடி வலி மரத்துப்போக முதுகில் மூன்று ஊசி போட்டு, பத்து வருடத்துக்கு முன் அந்தக் கடைசி ஆட்டத்தில் ஆட அனுப்பிய கிளப் மருத்துவர் நான். குறையில்லை என்று பதிவேட்டில் பொய் எழுதியவனும் நானே. மறைத்துவைத்த எக்ஸ்ரே படங்களை இணைத்துள்ளேன்.”

உறையை ஒட்டி, மடிப்பின் மேல் என் பெயர் முத்திரையைக் குத்தித் தபால் பெட்டியில் போட்டேன்.