கலடியும் கொலங்கும்

"இன்னிக்கே வெட்டி விட்டுடுங்க டாக்டர். ரெண்டு நிமிஷ வேலைதானாமே!"

நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே அம்மாக்காரி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். இடுப்பை ஒட்டி ஆறு வயது மகள். பின்னால் தண்ணீர் பாட்டிலும் ஃபைலுமாக அப்பா.

நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு சில குழந்தைகளுக்கு இறுக்கமாக ஒட்டியிருக்கும். அதை லேசாக வெட்டி நாக்கை விடுவிப்பது இந்த டாக்டருக்குக் கைவந்த கலை. ஆனால் துருவித் துருவிக் கேட்காமல் கத்தரியைத் தொட மாட்டார். நர்ஸ்கள் அவருக்கு வைத்த பெயர் 'சி.ஐ.டி. அம்மா'.

"என்ன பிரச்சினை?"

"இவளுக்கு 'ர' வரல டாக்டர். 'ர' வர்ற இடத்துல எல்லாம் 'ல' போடறா. ஸ்கூல்ல கதை சொல்லச் சொன்னாங்களாம். குரங்கு மரத்துல ஏறுச்சுன்னு இவ சொல்ல..." அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மரத்துல 'ர' போய் 'ல' வந்தா என்ன ஆகும்னு நீங்களே சொல்லிப் பாருங்க."

டாக்டர் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். நல்லவேளை, மாஸ்க் போட்டிருந்தார்.

"கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. அடுத்த மாசம் கதைப் போட்டிக்கு வேற பேர் குடுத்திருக்கா. மேடையேறி இதையே சொன்னா மானம் கப்பலேறிடும்."

"நீங்க என்ன சார் நினைக்கறீங்க?"

அப்பா லேசாகச் சிரித்தார். மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

"அவர் எங்க பேசப் போறாரு? ஆனா இவளை இங்க கூட்டிட்டு வந்தே ஆகணும்னு, ஆன்லைன்ல டோக்கன் போட்டுட்டு ஒத்தக் கால்ல நின்னது அவர்தான்" என்றாள் அம்மா.

அந்த வீட்டில் மைக் யார் கையில் இருக்கிறது என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. பாவம் மனுஷன், என்று நினைத்துக்கொண்டார்.

"குட்டிமா, இந்த நாற்காலியில ஏறு. வாயை ஆன்னு திற."

சமர்த்தாகத் திறந்தாள். டாக்டர் கையுறை விரல்களால் நாக்கைத் தூக்கினார். எளிதாக எழும்பியது. நீட்டச் சொன்னார். முகவாய் வரை வந்தது. மேலே தொடச் சொன்னார். மூக்கு நுனிக்கு ஒரு நூல்தான் பாக்கி. ஒட்டும் இல்லை, இறுக்கமும் இல்லை.

டாக்டர் படங்கள் போட்ட அட்டைகளை எடுத்தார்.

"இது என்ன?"

"கலடி."

"இது?"

"லயிலு."

சொல்லி முடித்ததும் அவள் பார்த்தது டாக்டரை அல்ல, அப்பாவை. ஒவ்வொரு அட்டைக்கும் அப்படித்தான். டாக்டருக்குள் இருந்த சி.ஐ.டி. நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எப்போலேருந்து இப்படிப் பேசறா?"

"அதான் டாக்டர் புரியல. அஞ்சு வயசு வரைக்கும் மணி மணியாப் பேசினா. இப்ப ஒரு வருஷமாத்தான்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இது பரம்பரையா வருமா டாக்டர்?"

அப்பா ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

"சில குடும்பங்கள்ல வரும். ஆனா பொறக்கும்போதே இருக்கும்மா. நல்லா இருந்த நாக்குல நடுவுல வந்து ஒட்டிக்காது." டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார். "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளியே இருங்க."

"வெட்டப் போறீங்களா?" அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவ்வளவு நேரம் இருந்த தைரியம் எங்கே போயிற்றோ. அப்பா மகளின் கையை விடவே இல்லை. டாக்டர்தான் விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

கதவு மூடியது. டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, இன்னொரு அட்டையை எடுத்துத் தானே பெயர் சொன்னார்.

"இது என்ன, குதியையா?"

"ஐயோ டாக்டர், குதிரை!"

'ரை' அறை முழுக்க உருண்டது. அடுத்த நொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிடிபட்ட முகம். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லல. ஆனா, வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்சுமாடி வாயைத் திறந்துட்டு உக்காந்திருந்தே?"

"ரெண்டு நிமிஷம்தானே."

"வெட்டின பிறகு என்ன பண்ணியிருப்பே?"

"அப்பவும் 'ல'தான் சொல்லியிருப்பேன்."

டாக்டருக்குத் தலை சுற்றியது. இத்தனை வருடத்தில் 'ர' வராத குழந்தைகளைப் பார்த்திருக்கிறார். வருகிற 'ர'வை ஒளித்து வைக்கும் குழந்தையை இப்போதுதான் பார்க்கிறார். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்களே, கஷ்டமா இல்லையா?"

"இருக்கு."

"பின்ன ஏன்டி தங்கம்?"

அவள் மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்:

"அப்பாவுக்கு 'ர' வராது டாக்டர். தினம் எனக்குக் கதை சொல்வாரு, ஒருநாள் 'கொலங்கு'ன்னதும் நான் சிரிச்சுட்டேன், அதோட பேசறதையே விட்டுட்டாரு. நானும் அவர் மாதிரியே பேச ஆரம்பிச்சப்புறம்தான், என்கிட்ட மட்டும் மறுபடியும் பேசறாரு."