போர்வை போடாதீங்க

"கையைத் தொட்டுப் பாரும்மா, ஐஸ் கட்டி! உயிரோட இருக்கிறவனை இப்படியா போட்டு வைப்பீங்க?"

அக்காவின் குரலில் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. மாரடைப்பில் நின்றுபோன இதயத்தை மறுபடி ஓட வைத்திருந்தார்கள். தம்பியோ, குளிர்நீர் ஓடும் உறைகளுக்கு நடுவே அசைவில்லாமல் கிடந்தான்.

சேதி கேட்டு அடித்துப் பிடித்து வந்தவளுக்கு, வாசலிலேயே பச்சை கவுன், தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்டித்தான் உள்ளே விட்டார்கள். மாஸ்க்கெல்லாம் அக்காவின் வாய்க்கு எந்த மூலைக்கு?

கட்டிலருகே நின்ற நர்ஸ் தாழ்ந்த குரலில், "வேணும்னுதாங்க குளிர வச்சிருக்கு. இப்ப உடம்பு சூடானா மூளைக்கு ஆபத்து" என்றாள்.

"நேத்து வந்தவ நீ, எனக்குச் சொல்றியா?"

அக்கா தன் சால்வையை உருவித் தம்பி மேல் போர்த்தினாள். நர்ஸ் எடுத்தாள். அக்கா மறுபடி போர்த்தினாள். நர்ஸ் மறுபடி எடுத்தாள். திடீரென்று மெஷின் கீச்சிட்டது. இருவருக்கும் மூச்சே நின்றுவிட்டது. நல்லவேளை, அதுவாக அடங்கியது.

"கல் நெஞ்சுடி உனக்கு!" என்ற அக்கா, அடுத்த நிமிடமே நர்ஸிடம் வீட்டுக் கதையைப் பிரித்தாள். காது கொடுக்க ஆள் கிடைத்தால் விடுவாளா?

"நாங்க யாருமே வேணாம்னு எவளோ ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். இன்னி வரைக்கும் அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. புருஷன் இப்படிக் கிடக்கான், அந்த மகராணி எட்டிப் பார்த்தாளா பாரு!"

நர்ஸ் குளிர்நீர் உறையைச் சரிசெய்தாள். மெஷினில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், தம்பியின் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, மயக்க மருந்தையும் நிறுத்தினார்கள். டாக்டர் வந்தார்.

"இப்ப பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கண்ணைத் திறந்தா பாதிக் கவலை விட்டது. இல்லேன்னா..."

அக்கா முண்டியடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். இமை அசையவில்லை.

"அவர் மனைவி கூப்பிடட்டும்" என்றார் டாக்டர்.

"அவ எங்க டாக்டர் வந்தா?"

கால்மாட்டில் நின்றிருந்த நர்ஸ், மாஸ்க்கை இறக்கிவிட்டுத் தம்பியின் காதருகே குனிந்தாள்.

"என்னங்க..."

இமைகள் மெல்லப் பிரிந்தன.

"யாரு வந்திருக்காங்க பாருங்க. உங்க அக்கா!"