குறுக்குக் காற்று

பெல்கிரேடில் என் வாடகைப் படுக்கையறைச் சுவரில், அலமாரிக்குப் பின்னால், ஆள் உயரத்துக்குப் பூஞ்சை. மூன்று முறை பிளீச் ஊற்றித் தேய்த்தேன். மூன்று முறையும் அதே உயரத்துக்கு வந்து நின்றது. வளர்ந்தது என் இருமல்தான். "ரூமைக் காத்தாட விடுப்பா, இல்லேன்னா நெஞ்சு போயிடும்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்காரி ராதோய்கா அம்மாள் விடவில்லை. "ஜன்னலையும் கதவையும் சேர்த்துத் தெறக்காதடா, குறுக்குக் காத்து ஆளையே கொன்னுடும்!" எங்கள் பெல்கிரேடில் எல்லா வியாதிக்கும் இதைத்தான் காரணம் சொல்வார்கள்.

ஞாயிறன்று அவர் தேவாலயம் போனதும் அலமாரியை நகர்த்தி, ஜன்னல், கதவு இரண்டையும் திறந்தேன். ஐந்தாவது நிமிடம் ஒரு தும்மல் கேட்டது. என்னுடையதல்ல. சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

திரும்பி வந்தவர் ஜன்னலை அறைந்து சாத்தினார். "உனக்காகச் சொன்னேன்னா நெனச்ச, மடையா? அவனுக்குத்தான் ஆகாது." தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி, பூஞ்சையின் தோள் உயரத்தில் போர்த்தினார்.

அந்தச் சுவரில் ஆணி கிடையாது. சால்வை விழவில்லை.