கையில் மிச்சம்

"சம்பளம் இருபத்திரண்டாயிரம், படிப்புக் கடனுக்கு மாசம் பன்னண்டாயிரம். அப்ப கையில நிக்கிறது இம்புட்டுத்தானா?" என்று பொன்ராஜ் மறுபடியும் கேட்டான்.

சிவபிரகாஷுக்கு வயிறு எரிந்தது. இருவரும் ஆத்தூர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். பத்தாவதில் பெயிலான பொன்ராஜ் இன்று கொத்தனார். நாள் கூலி ஆயிரத்து இருநூறு, வாசலில் புது புல்லட். ஆர்க்கிடெக்சர் படிப்பு முடித்த இவனோ, பழைய ஸ்கூட்டரில் வந்து அவன் கட்டிய சுவரைச் சரிபார்க்கிறான்.

"இன்னும் எத்தனை வருசம் கட்டணும்?"

"ஒம்பது. குத்திக்காட்டத்தான கேக்குற?"

"இல்லப்பு. தங்கச்சி வினிதாவ அதே படிப்புல சேத்துருக்கேன். நேத்துத்தான் பேங்குல கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன்."

"ஏலே, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? என் நெலமையக் கேட்டுட்டுமா?"

பொன்ராஜ் கையிலிருந்த சிமெண்டைத் துடைத்தான்.

"நீ வந்து எறங்குனதும் வீட்டுக்காரரு ஓடிப்போயி நாற்காலி எடுத்துப் போட்டாரு. நான் இதோட இருபது வீடு கட்டிட்டேன். ஒரு வீட்டுலயும் என்னைய உக்காருன்னு சொன்னதில்ல."

அதுவரை உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருந்த சிவபிரகாஷ், சட்டென்று எழுந்து நின்றான்.