கெல்சி போடும் ஊசி

இந்த டாக்டருக்காவது விவரம் தெரிந்திருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டுதான் ஒமாஹா நகரம் வரை காரோட்டி வந்தான் ட்ராவிஸ். மனைவி கெல்சி வெளியே காத்திருந்தாள்.

"டெஸ்டோஸ்டிரோன் ஊசி எவ்வளவு நாளா போடுறீங்க?" என்றார் டாக்டர் நோவாக்.

"ரெண்டு வருஷமா. ஒரே சோர்வா இருக்குன்னு போனேன், ஆண் ஹார்மோன் குறைவுன்னு எங்க ஊர் கிளினிக்ல ஆரம்பிச்சாங்க. வாராவாரம் கெல்சிதான் போட்டுவிடுவா. இப்ப அளவைக் கூட்டணும் டாக்டர். போற இடமெல்லாம் முடியாதுங்கறாங்க."

"எதுக்குக் கூட்டணும்?"

"குழந்தைக்காகத்தான். குறை தன்கிட்டதான்னு அவ தினம் அழறா. எனக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு ஏறினா..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "விந்தணு உண்டாகாம தடுக்கறதே இந்த ஊசிதான். குழந்தை வேணுமான்னு உங்களை யாருமே கேக்கலையா?"

"நிறுத்திட்டா?"

"நிறுத்தலாம். பழைய சோர்வு திரும்பி வரும். விந்தணு திரும்பறதுக்கு மாசக்கணக்காகும்."

வெளியே வந்ததும் கெல்சி துள்ளி எழுந்தாள். "என்னப்பா, இவருக்காவது விஷயம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்பாடா! எவ்வளவு கூட்டச் சொன்னார்? மருந்தைக் கையோட எடுத்துட்டு வந்திருக்கேன். வா, கார்லயே போட்டுவிடறேன்."