சட்டையில் குத்திய பேட்ஜ்

கட்டட வேலையாள் அம்மையப்பனின் நெஞ்சில் மின்னிய வட்ட பேட்ஜை மேனேஜர் முத்துராமன் வெகுநேரம் முறைத்தார். பிறகு ஆள் கணக்கு எழுதும் டைம்கீப்பர் ஜெயசீலன் பக்கம் திரும்பினார்.

"அமெரிக்காவுல ஊர்வலம் போறவங்க குத்திக்கிற பேட்ஜ் இது. டி.வி.ல பார்த்திருக்கேன். யூனியன் வேலை இங்கயும் வந்தாச்சு."

போன வாரம்தான் வேறொரு கம்பெனி ஆட்கள் முந்நூறு பேர் வேலைக்குப் போகாமல் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். துபாயில் பர் துபாய் வட்டாரம் முழுக்க அதே பேச்சு.

ஜெயசீலன் அம்மையப்பனை ஓரமாக இழுத்துப் போனான். "எங்க இருந்துடே கெடச்சுது இது?"

"சைட் ஆபீஸ் கூட்டுறப்ப நாற்காலிக்கு அடியில கெடந்துச்சுண்ணே. சட்டைப் பட்டன் அந்துபோச்சு, அதான் குத்திக்கிட்டேன்."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"கம்பெனி பேருன்னு நெனச்சேன்."

"'பிரிங் தெம் ஹோம் நவ்'. அவங்கள உடனே வீட்டுக்குக் கூட்டிட்டு வான்னு அர்த்தம்."

அம்மையப்பன் முகம் மலர்ந்தது. "நல்லாத்தானே எழுதியிருக்கான்."

அரியலூரிலிருந்து அவன் விமானம் ஏறியபோது மனைவி பூவாயிக்கு ஏழாம் மாதம். இப்போது குழந்தைக்கு இரண்டரை வயது. லீவு கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தும், கட்டடம் முடியட்டும் என்றே பதில் வந்தது.

"வீட்டுக்குப் போகணும்னுதானே கேக்குறான்? ஒரேயடியா போகட்டும். விசாவ கேன்சல் பண்ணச் சொல்றேன்" என்றார், பேச்சைக் காதில் வாங்கியபடி பின்னாலேயே வந்த முத்துராமன். இருவரையும் மேடத்தின் அறைக்கு நடத்திக்கொண்டு போனார்.

மேடம் என்றால் அமெரிக்காவிலிருந்து வந்த புராஜெக்ட் டைரக்டர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எந்த மீட்டிங்கானாலும் செல்போன் கண்ணெதிரே இருக்க வேண்டும். மணி அடித்த மறுகணம் எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவார். ஹெட் ஆபீஸ் அந்த விரட்டு விரட்டுகிறது என்று வேலையாட்கள் தங்கும் கேம்ப்பில் சொல்லிக்கொள்வார்கள்.

முத்துராமன் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். யூனியன், ஸ்ட்ரைக், மற்றவர்களுக்குப் பாடம் என்றெல்லாம் ஜெயசீலன் காதில் விழுந்தது. மேடத்தின் பார்வை அம்மையப்பன் சட்டையை விட்டு அகலவில்லை. கடைசியில் அவனிடம் ஏதோ ஒன்றைக் கேட்டார்.

ஜெயசீலன் தாழ்ந்த குரலில் சொன்னான். "யாரு வீட்டுக்கு வரணும்னு கேக்காங்க. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருடே."

அம்மையப்பனுக்குப் பொய் வராது. "நாந்தாங்க போவணும். பாப்பா போன்ல அப்பாங்குது. இன்னும் அது மொகத்தப் பாக்கல."

மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தடுமாறினான் ஜெயசீலன். பிறகு உள்ளதை உள்ளபடியே இங்கிலீஷில் சொன்னான்.

மேடம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இவனுடைய லீவு விண்ணப்பம் எங்கே என்று கேட்டார். முத்துராமன் ஃபைலைத் தேடி மூன்றையும் கொண்டுவந்து வைக்க, மேலே இருந்ததில் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாத லீவு.

முத்துராமனுக்கு மனசு ஆறவில்லை. அம்மையப்பன் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றினார். "இது ஃபைல்ல இருக்கட்டும் மேடம், சாட்சிக்கு."

மேடம் கையை நீட்டினார். பேட்ஜை வாங்கிக் கட்டைவிரலால் துடைத்தார். இங்கிலீஷில் இரண்டே வாக்கியம் பேசிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்துராமன் ஃபைலை மூடினார்.

வெளியே வந்ததும் அம்மையப்பன் ஜெயசீலனின் கையைப் பிடித்தான். "கடசியா என்னண்ணே சொன்னாங்க?"

"அது அவங்க பேட்ஜாம்டே, மவன் ஈராக்குல பட்டாளத்துல இருக்கானாம்."